எக்ஸ்ரே அக்காவின் சந்தேகங்கள்

தைத்து முடித்த சட்டை எதுவும் அவள் கையைத் தாண்டாமல் பெட்டிக்குள் போகாது. ஆயத்த ஆடைத் தொழிற்சாலையின் கடைசி மேசை அவளுடையது. தலைக்கு மேலே இரண்டு குழல் விளக்கு. மேசையில் ஓர் அளவு நாடா, சின்னக் கத்தரி, அம்புக்குறி போட்ட சிவப்பு ஸ்டிக்கர் சுருள். காலரில் தொடங்கித் தோள், கைக்குழி, பக்கத் தையல், அடிமடிப்பு என்று ஒரே சுற்றில் பார்த்து, உள்பக்கம் திருப்பி மறுபடியும் பார்ப்பாள். விட்டுப்போன தையலோ, ஊசி குத்திய ஓட்டையோ, கடுகளவு எண்ணெய்க் கறையோ இருந்தால் அந்த இடத்துக்கு நேராக அம்பை ஒட்டித் தையல்காரரிடமே திருப்பி அனுப்புவாள். தையல்காரர்கள் அவளுக்கு வைத்த பெயர் எக்ஸ்ரே. வயதில் சிறியவர்கள் மரியாதைக்கு ஓர் அக்காவைச் சேர்த்துக்கொண்டார்கள்.

அந்த மேசைக்கென்று ஒரு சட்டம் உண்டு. அம்பு ஒட்டாமல் எதையும் கழிக்கக் கூடாது. தையல்காரர் எழுந்து வந்து என்ன குறை என்று கேட்டால் விரல் வைத்துக் காட்ட வேண்டும். காட்ட முடியாவிட்டால் சட்டை பாஸ், அவ்வளவுதான். சூப்பர்வைசர் தன் கோபத்துக்கு எவளாவது தைத்த சட்டைக் கட்டை மொத்தமாகக் கழிக்கச் சொன்னால், "குறையக் காட்டுங்க சார், ஒட்டறேன்" என்று அவரையே நிறுத்தி வைப்பாள்.

வேலையில் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறவள் வீட்டுக்கு வந்ததும் கண்ணை மூடிக்கொள்வாளா என்ன. பாலில் தண்ணீர், தராசில் மோசடி, பக்கத்து வீட்டுக்காரியின் சிரிப்பில் உள்நோக்கம் எல்லாம் அவளுக்கு மட்டும் தெரியும். ஒருமுறை அவள் கணவர், லிஃப்ட் மெக்கானிக், புதுச் சட்டை போட்டு வந்து நின்றார். இரண்டு வாரம் விசாரணை நடந்தது. கடைசியில் அது கம்பெனி எல்லாருக்கும் கொடுத்த சீருடை என்று தெரிந்தது. மன்னிப்புக் கேட்பதற்குப் பதிலாக, "காலர் கோணலா இருக்கு, திருப்பிக் குடுங்க" என்றாள். கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் இருபத்தாறு வயது மகள், தோழி வீட்டுக்குப் போகிறேன் என்று கிளம்பினால், மகள் அங்கே போய்ச் சேருவதற்குள் தோழியின் அம்மாவுக்குப் போன் போயிருக்கும்.

இப்படிப்பட்டவள் தன் உள்ளாடையில் பட்ட கறையை மட்டும் மூன்று மாதம் யாருக்கும் காட்டாமல் வைத்திருந்தாள்.

அவளுக்கு ஐம்பத்து நாலு வயது. மாதவிலக்கு நின்று நாலு வருஷம் ஆகியிருந்தது. தொழிற்சாலைக் கழிப்பறையில் முதல்முதலாக அந்தப் பழுப்புச் சிவப்பைப் பார்த்தபோது வெளிச்சத்தில் பிடித்து மறுபடியும் பார்த்தாள். ஆனால் உடனே தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். போன வருஷம்தான் தொழிற்சாலையில் பெண்களுக்கென்று மருத்துவ முகாம் நடந்தது. கர்ப்பப்பை வாயிலிருந்து தடவி எடுத்துச் சோதித்து, ஒன்றும் குறையில்லை என்று கடிதமே கொடுத்திருந்தார்கள். பாஸ் ஆன உருப்படி. பாஸ் ஆனதை மறுபடி மேசைக்குக் கொண்டுவர அவளுக்கு மனசு வரவில்லை.

இன்னொரு காரணமும் இருந்தது. அதுதான் பெரிய காரணம். பட்டன் மிஷினில் உட்காருகிறவள், வெள்ளைப்படுகிறது என்று ஒரு கிளினிக்குக்குப் போனாள். முப்பத்தாறு வயதில் கர்ப்பப்பையை எடுத்துத்தான் ஆகவேண்டும் என்று எடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து முதுகுவலி, உடம்பெல்லாம் கொதிப்பு, தூக்கமில்லை. பிறகு வேறொரு மருத்துவர், மாத்திரையில் தீர வேண்டியதற்கு ஏன் எடுத்தார்கள் என்று கேட்டாராம். அந்த ஒரு வரிசையிலேயே இப்படி நாலு பேர் இருந்தார்கள். மதிய இடைவேளையில் அவர்கள் பேசுவதைக் கேட்டுக் கேட்டு, எக்ஸ்ரே அக்கா ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். எந்த ஆஸ்பத்திரியின் படியேறினாலும் அவர்கள் கண் நேராகக் கர்ப்பப்பைக்குத்தான் போகும்.

மகள்தான் கண்டுபிடித்தாள். குளியலறைக் குப்பைக் கூடையைக் காலி செய்யும்போது பார்த்துவிட்டு நேராகச் சமையலறைக்கு வந்தாள்.

"அம்மா, உனக்குத்தான் நின்னு போச்சே. இது என்ன?"

"சூடு. தண்ணி சரியா குடிக்கல."

"நாளைக்கு லீவு போடு. டாக்டர்கிட்ட போறோம்."

"யாரு உனக்குச் சொல்லிக் குடுத்தா, உங்கப்பாவா?"

"எனக்கு எல்லாத்தையும் சொல்லிக் குடுத்தது நீதான்" என்றாள் மகள். தாயைப் போலப் பிள்ளை. ஓட வழியில்லாமல் போயிற்று.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். உட்சுவர் தடித்திருக்கிறது என்று சொல்லி, மெல்லிய குழாயை உள்ளே விட்டுத் துளி சதை எடுத்துக் குப்பியில் போட்டார்கள். வலியில் கண்ணில் தண்ணீர் வந்தபோதும், நர்ஸ் அந்தக் குப்பியில் என்ன எண் எழுதுகிறாள் என்று எட்டிப் பார்த்தாள். தட்டில் அதே மாதிரி இன்னொரு குப்பி இருந்தது. அதுவும் அவள் கண்ணில் பட்டது.

முடிவு வாங்கப் போன அன்றுதான் சங்கதி கோணலாயிற்று. கணவர் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் நின்று, "நீ கேன்டீன்ல ஒரு டீ குடிச்சிட்டு வா, இங்க கூட்டமா இருக்கு" என்றார். இருபத்தெட்டு வருஷ வாழ்க்கையில் அவளை டீ குடிக்கச் சொன்ன மனிதர் அல்ல அவர். அவள் டீயை வாங்கி, குடிக்காமல், தூணோரம் நின்று பார்த்தாள். அவரும் மகளும் உள்ளே போனார்கள். வெளியே வரும்போது மகள் முகத்தைக் கழுவியிருந்தாள்.

"ஒண்ணும் பயப்பட வேணாம்" என்று ஆரம்பித்தார் கணவர். "சின்னக் கட்டி. சாதாரணக் கட்டி. இந்த வயசுல நிறையப் பேருக்கு வருமாம். கர்ப்பப்பைய எடுத்துட்டா சரியாயிடும். பத்து நாள்ல தேதி குடுத்திருக்காங்க. இப்பல்லாம் சின்ன ஓட்டை போட்டே எடுத்துடறாங்க. எங்க கம்பெனி மேனேஜர் சம்சாரத்துக்குக்கூட எடுத்தாங்க."

லிஃப்ட் மெக்கானிக் ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். ஒரே மூச்சில் இவ்வளவு பேசினால் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறார் என்று அர்த்தம். எந்தப் பூசணிக்காய் என்பதில்தான் எக்ஸ்ரே அக்கா தவறிவிட்டாள்.

"சாதாரணக் கட்டின்னா எதுக்கு எடுக்கணும்?" என்றாள்.

கணவர் மகளைப் பார்த்தார். மகள் தரையைப் பார்த்தாள்.

"டாக்டர் சொல்றாங்கம்மா" என்றாள் மகள்.

"டாக்டர் அப்படித்தான் சொல்லுவாங்க. பட்டன் மிஷின்காரிக்கும் அப்படித்தான் சொன்னாங்க. நான் வரல."

உண்மையைச் சொன்னால் வந்துவிடுவாள். ஆனால் உண்மையைச் சொல்லக் கூடாது என்பது வீட்டின் முடிவு. சொன்னால் உடைந்துபோவாள், சாப்பிட மாட்டாள், ஆபரேஷனுக்கு முன்பே பாதி உயிர் போய்விடும் என்று கணவரும் அவருடைய தங்கையும் போனில் பேசி முடிவெடுத்திருந்தார்கள். மகளிடமும் சத்தியம் வாங்கியிருந்தார்கள். அவளைக் காப்பாற்றுகிறோம் என்று நினைத்தவர்கள், அவள் வருவதற்கிருந்த ஒரே வழியை அடைத்துவிட்டு வா வா என்று கெஞ்சிக்கொண்டிருந்தார்கள். பத்தாம் நாள் வந்தது, போனது. ஆஸ்பத்திரி இன்னொரு தேதி கொடுத்தது. அதுவும் போனது. மொத்தம் ஐந்து வாரம். உள்ளே இருந்தது ஐந்து வாரமும் சும்மா இருந்திருக்காது.

இதற்கிடையில் வீட்டில் நடந்ததெல்லாம் அவள் சந்தேகத்துக்குத் தீனி போட்டது. நாத்தனார் தினமும் போன் செய்து, "சாப்டீங்களா அண்ணி?" என்று தேனாகப் பேசினாள். நாத்தனார் தேனாகப் பேசினால் தேளையும் எதிர்பார்க்க வேண்டும். கணவர் பாத்திரம் கழுவினார். மகள் சண்டை போடுவதை நிறுத்திவிட்டாள், எதைச் சொன்னாலும் சரிம்மா என்றாள். சூப்பர்வைசர், அவள் கேட்காமலே, "லீவு வேணும்னா எடுத்துக்கங்க" என்றார். ஊரே சேர்ந்து ஏதோ சதி செய்கிறது என்று தோன்றியது. தலையணைக்குக் கீழே, அலமாரிக்கு மேலே, கணவரின் கருவிப் பெட்டிக்குள் என்று தேடினாள். ஒரு காகிதமும் கிடைக்கவில்லை. ஸ்பானருக்கும் ஸ்குரூடிரைவருக்கும் நடுவே தேடிக்கொண்டிருந்தபோது ஒரு நினைப்பு வந்து கை நின்றது. ஒன்றுமில்லாத கட்டிக்குக் காகிதத்தை ஏன் ஒளித்துவைக்க வேண்டும்?

மறுநாள் மதியம் சொல்லிக்கொள்ளாமல் ஆஸ்பத்திரிக்குப் போனாள். வரவேற்பு மேசைப் பெண் கணினியைத் தட்டிவிட்டு, "ஃபைல் உங்க வீட்டுக்காரர்கிட்ட குடுத்தாச்சும்மா" என்றாள். எக்ஸ்ரே அக்கா நகரவில்லை. அறுவை மருத்துவர், நரைத்த முடியை வெட்டிக்கொண்ட ஒரு பெண்மணி, அறையிலிருந்து வெளியே வரும்வரை ஒன்றே கால் மணி நேரம் நின்றாள்.

"டாக்டர், நான் துணி ஃபேக்டரில செக்கிங் பார்க்கிறவ. குறை எங்க இருக்குன்னு விரல் வெச்சுக் காட்டாம ஒரு சட்டையக்கூடக் கழிக்க மாட்டோம். என் கர்ப்பப்பைய எடுக்கணும்னு சொல்றீங்க. என்ன குறைன்னு எனக்கு யாரும் காட்டல."

மருத்துவர் அவள் பெயரைக் கேட்டு, வரவேற்பு மேசைக் கணினியில் பார்த்துவிட்டு, தன் அறைக் கதவைத் திறந்து பிடித்தார்.

"உள்ள வாங்க. உட்காருங்க. உங்க வீட்ல உங்களுக்கு என்ன சொன்னாங்க?"

"சாதாரணக் கட்டின்னு."

"அன்னைக்கு நான் ஆபரேஷன்ல இருந்தேன். என் ஜூனியர்தான் பேசியிருக்கார். உங்ககிட்டதான் சொல்லியிருக்கணும். தப்பு எங்க பேர்ல." மருத்துவர் நாற்காலியை இழுத்து அவளுக்கு நேராகப் போட்டுக்கொண்டார். "சாதாரணக் கட்டி இல்லம்மா. கர்ப்பப்பை உட்சுவர்ல புற்றுநோய்."

சதி என்று நினைத்தவள் சதியைத்தான் கண்டுபிடித்திருந்தாள், ஆனால் அதற்குள் இது இருக்கும் என்று அவள் நினைக்கவில்லை. அழுகையை முந்திக்கொண்டு பழக்கம் வந்தது.

"போன வருஷம் முகாம்ல பாஸ்னு குடுத்தாங்களே."

"அது கர்ப்பப்பை வாய்க்கான சோதனை." மருத்துவர் காகிதத்தில் வரைந்து காட்டினார். "வாய் வேற, உள்சுவர் வேற, இந்தப் பக்கம் இருக்கிற சினைப்பை வேற. மூணுலயும் புற்றுநோய் வரலாம், மூணும் வேற வேற நோய். வாய்க்குத்தான் அந்தத் தடவல் சோதனை, தடுப்பூசிகூட இருக்கு. சினைப்பைல வர்றது சீக்கிரம் தெரியாது. வயிறு உப்புது, ரெண்டு வாய் சாப்பிட்டா போதும்னு இருக்கும், ஜீரணம் சரியில்லன்னு விட்டுடுவாங்க. உள்சுவர்ல வர்றது அப்படி இல்ல. மாதவிலக்கு நின்னதுக்கு அப்புறம் ஒரு சொட்டு பட்டாலும் வந்து காட்டணும். அது ஆரம்பத்துலயே குரல் குடுக்கிற நோய்."

காலரைப் பார்த்துவிட்டுச் சட்டை முழுக்கப் பாஸ் என்று எழுதினால் அவளே அந்தச் செக்கரை வெளுத்து வாங்கியிருப்பாள். தன் உடம்பு விஷயத்தில் அவளே அதைச் செய்திருந்தாள். மூன்று மாதக் குரலைக் கழிப்பறையிலேயே கழுவி விட்டிருந்தாள்.

"அந்தத் தட்டுல இன்னொரு குப்பி இருந்துச்சு" என்றாள் விடாமல். "மாறியிருந்தா?"

வேறொருவராக இருந்தால் கோபப்பட்டிருப்பார். அந்த மருத்துவர் அவளை எழுப்பி, இரண்டு மாடி கீழே, சதைச் சோதனை செய்யும் அறைக்கு அழைத்துப்போனார். அங்கே இருந்த நோயியல் மருத்துவர் குப்பியில் எழுதிய எண்ணையும், பதிவேட்டையும், சதையை மெல்லியதாகச் சீவி ஒட்டிய கண்ணாடிச் சில்லில் இருந்த எண்ணையும் வரிசையாகக் காட்டினார். எண் அவளுடையதுதான். சந்தேகம் தீராவிட்டால் இந்தச் சில்லையே வேறு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் காட்டலாம், அது உங்கள் உரிமை என்றார். பிறகு நுண்ணோக்கியில் முதலில் வேறு யாருடையதோ ஒன்றை வைத்துப் பார்க்கச் சொன்னார்.

"இது நல்லா இருக்கிறது."

இளஞ்சிவப்புத் துணியில் ஊதா வட்டங்கள். ஒன்றுக்கொன்று இடம்விட்டு, அடக்கமாக இருந்தன.

"இது உங்களுது."

எக்ஸ்ரே அக்கா ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. நடுவில் துணியே தெரியவில்லை. நூலின் இழுப்பு கெட்ட மிஷினில் சிக்கு விழுந்து அடைத்துக்கொண்டதுபோல ஒரே குவியல். சொல்லித் தெரிய வேண்டியது ஒன்றுமில்லை. இந்தத் தையல் அவள் மேசைக்கு வந்திருந்தால் அவளே அம்பு ஒட்டியிருப்பாள்.

"சரி" என்றாள். "தேதி குடுங்க. என்கிட்ட குடுங்க."

படியேறும்போது பாதியில் உட்கார்ந்துவிட்டாள். செத்துப்போவேனோ என்ற பயம் அங்கேதான் வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். மருத்துவர் அவசரப்படுத்தாமல் ஒரு படி கீழே நின்றார்.

வீட்டுக்கு வந்ததும் கணவரையும் மகளையும் கூடத்தில் உட்காரவைத்தாள்.

"எனக்கு என்ன வந்திருக்கு?"

கணவர் மென்று விழுங்கினார். "அதான் சொன்னேனே, கட்டி..."

"ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வரேன்."

லிஃப்ட் மெக்கானிக் முகத்தை மூடிக்கொண்டு விம்மினார். அந்தச் சத்தத்தை அவள் அதற்கு முன் கேட்டதில்லை. கேட்டும் மனசு இளகவில்லை. "என் நோய் என் நாத்தனாருக்குத் தெரியும், சூப்பர்வைசருக்குத் தெரியும், எனக்கு மட்டும் தெரியாது. நான் என்ன பொம்மையா? காரணத்தச் சொல்லியிருந்தா மொத தேதிக்கே போய்ப் படுத்திருப்பேனே. அஞ்சு வாரம் போச்சு. அத யார் குடுப்பா?" இரண்டு நாள் அவள் யாருடனும் பேசவில்லை. மூன்றாம் நாள் மகளிடம் மட்டும், "நீயுமா?" என்று கேட்டாள். மகள் அழுதாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் யார் எதைச் சொன்னாலும் அவள் ஒருமுறைக்கு இருமுறை முகத்தைப் பார்த்தாள்.

வயிற்றில் நாலைந்து சின்னத் துளைகள் போட்டு அறுவை நடந்தது. கர்ப்பப்பை, குழாய்கள், இரண்டு சினைப்பைகள், பக்கத்தில் சில நிணநீர் முடிச்சுகள் எல்லாம் போயின. இரண்டு வாரத்தில் முழு அறிக்கை வந்தது. இந்த முறை கதவுக்கு வெளியே நின்றவர் கணவர். கட்டி கர்ப்பப்பைச் சுவரில் பாதிக்கு மேல் இறங்கியிருந்தது, ஆனால் சுவரைத் தாண்டவில்லை, முடிச்சுகளில் ஒன்றுமில்லை. முதல் நிலைதான். மறுபடி வராமலிருக்க உள்ளிருந்தே கொடுக்கும் கதிர் சிகிச்சை மூன்று முறை போதும். மருந்து ஏற்றத் தேவையில்லை.

"முன்னாடியே வந்திருந்தா இதுகூட வேணாமா இருந்திருக்குமா?" என்று கேட்டாள்.

"இருந்திருக்கலாம். நிச்சயமா சொல்ல முடியாது" என்றார் மருத்துவர். அந்தப் பதிலுக்காகவே அவர்மேல் அவளுக்கு மதிப்பு ஏறியது. பிறகு மருத்துவர் இன்னொரு தாளைத் திருப்பினார்.

"இன்னொண்ணு இருக்கு. செல் ஒண்ணு ரெண்டாகும்போது உள்ள இருக்கிற மரபணு எழுத்துல பிழை வரும். அதப் பார்த்துத் திருத்தறதுக்கு உடம்புலயே சில புரதம் உண்டு. உங்க கட்டியில அதுல ரெண்டு இல்ல."

"உள்ள செக்கிங் சரியில்லன்னு சொல்றீங்க" என்றாள் எக்ஸ்ரே அக்கா. தொழில் ரீதியாக அவமானப்பட்டவள் போலிருந்தது குரல்.

மருத்துவருக்குச் சிரிப்பு வந்தது. "அதேதான். இது சில குடும்பத்துல பரம்பரையா வரும். அப்படி இருந்தா குடல்லயும் புற்றுநோய் வர வாய்ப்பு அதிகம். ரத்தத்துல பார்த்தா தெரிஞ்சிடும். உங்க அம்மா அப்பா எதுல இறந்தாங்க?"

"அப்பா விபத்துல. அம்மா மஞ்சள் காமாலைல" என்றாள். மஞ்சள் காமாலை என்று அவளுக்குச் சொன்னது யார்?

ரத்தம் கொடுத்துவிட்டு, உடம்பு கொஞ்சம் தேறியதும் இரண்டு பஸ் மாறி அண்ணன் வீட்டுக்குப் போனாள். அண்ணன் ஓய்வுபெற்ற தபால்காரர். ஊர்க் கடிதத்தையெல்லாம் சரியாகக் கொண்டுபோய்ச் சேர்த்த மனிதர்.

"அண்ணா, அம்மா எதுல செத்தாங்க?"

"மஞ்சக் காமாலைன்னு அன்னைக்கே சொன்னேனே."

"நான் தினமும் ஆயிரம் சட்டைய உள்பக்கம் திருப்பிப் பார்க்கிறவ. எங்கிட்ட வேணாம்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி துடைத்தார். "குடல்ல கட்டி. கண்டுபிடிக்கிறப்பவே முத்திப்போச்சு. நாப்பத்தொன்பது வயசுதான் அப்ப. நீ நெறமாசமா இருந்தே. அதிர்ச்சியாயிடும்னு அம்மாதான் சொல்ல வேணாம்னாங்க."

"புள்ள பொறந்த பிறகு சொல்லியிருக்கலாமே."

"ஒருதடவ பொய் சொல்லிட்டா அப்புறம் எங்க நின்னு உண்மையச் சொல்றதுன்னு தெரியல பாப்பா" என்றார் அண்ணன். இருபத்தாறு வருஷம் ஒரு கடிதம் அவரிடமே தங்கிவிட்டது. அவள் அதற்காக அவரை ஏசினாள், பிறகு நீங்களும் போய் டெஸ்ட் பண்ணிக்கங்க என்று கையைப் பிடித்துச் சொல்லிவிட்டு வந்தாள்.

முடிவு வந்தது. பிழை அவள் ரத்தத்தில் இருந்தது. அவளுக்கு இனி அவ்வப்போது குடலைக் குழாய்விட்டுப் பார்க்க வேண்டும். மகளுக்குப் போயிருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்றார் மருத்துவர். போயிருந்தாலும் நோய் வந்தே தீரும் என்றில்லை, முன்கூட்டியே தெரிந்தால் கண்காணிக்கலாம், குழந்தை பெற்ற பிறகு கர்ப்பப்பையை எடுப்பதைப் பற்றி யோசிக்கலாம். எல்லாம் நியாயமான வார்த்தைகள்தான். அவற்றை வீட்டுக்குக் கொண்டுபோவதுதான் மலையாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை மகள் அடுத்த வாரத்துக்கான உடைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். எக்ஸ்ரே அக்கா வாசலில் நின்று பார்த்தாள். கடையில் புதிதாகச் சேர்ந்தவளைப் பற்றி ஏதோ சொல்லிச் சிரித்தாள் மகள். இப்போது சொல்ல வேண்டாம், கல்யாணப் பேச்சு ஒன்று வந்திருக்கிறது, அது முடியட்டும். உடம்புக்கு நல்லது, ஒரு ரத்த டெஸ்ட் எடுத்துக்கோ என்று மட்டும் சொன்னால் என்ன? பொய்கூட இல்லையே அது. அவ்வளவு சுலபமாக, அவ்வளவு அன்பாக வந்து நின்றது அந்த யோசனை. கணவர் மேல் வைத்திருந்த கோபத்தில் பாதி அந்த இடத்திலேயே கரைந்தது.

"இஸ்திரிப் பெட்டிய அணைச்சிட்டு உக்காரு" என்றாள். எல்லாவற்றையும் சொன்னாள். பாட்டி செத்தது எதில் என்பது, ரத்தத்தில் இருப்பது, பாதிக்குப் பாதி என்பது.

மகள் தேய்த்த உடைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். "ஏம்மா எங்கிட்ட சொன்னே?" என்றாள் கடைசியில். "நான் நல்லாத்தானே இருந்தேன். கொஞ்ச நாள் சும்மா இருந்திருக்கலாம்ல நீ." அறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டாள்.

கூடத்தில் உட்கார்ந்திருந்த கணவர் மெதுவாக, "இதுக்குத்தான் நான் சொல்லல" என்றார். குத்திக்காட்டவில்லை அவர். எக்ஸ்ரே அக்கா அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். சொன்னது தப்போ என்று அவளுக்கே சந்தேகம் வந்தது. ஆயுளில் அவள் பட்ட சந்தேகங்களிலேயே அதுதான் அவளை அதிகம் வாட்டியது.

இரண்டு நாள் மகள் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் காலை, வேலைக்குக் கிளம்பும் கோலத்தில், செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டாள். கண் வீங்கியிருந்தது.

"அந்த டெஸ்ட் எந்தக் கிழமை எடுப்பாங்க?"

"வியாழக்கிழமை. நானும் வரேன்."

"வேணாம். நீ வந்தா நர்ஸ குறுக்கு விசாரணை பண்ணுவே. நான் மட்டும் போறேன். ரிசல்ட் வாங்கவும் நானே போய்க்கறேன்."

எக்ஸ்ரே அக்கா கேட்கலாமா வேண்டாமா என்று தயங்கிக் கேட்டாள். "வந்து எங்கிட்ட சொல்லுவியா?"

மகள் இன்னொரு செருப்பையும் மாட்டி, நிமிர்ந்து, அம்மாவை நேராகப் பார்த்தாள்.

"எதுவா இருந்தாலும் சொல்லுவேன்."

எக்ஸ்ரே அக்கா மறுபடி கேட்கவில்லை. நம்பினாள்.